விதைப்பு நாளில் வந்த இன்ஸ்பெக்‌ஷன்

மோடல் வெர்ப்ஸையும் பிரசன்ட் கன்டினியூவஸையும் பிள்ளைகளுக்குப் போரடிக்காமல் நடத்த வழி சொல்லுங்கள் டீச்சர் என்று நம் இங்கிலீஷ் டீச்சர்கள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு தங்கை கேட்டிருந்தாள். கீழே பதினாலு பேர் பதில் போட்டிருந்தீர்கள். ஒருவர் பட அட்டை, ஒருவர் வீடியோ, இன்னொருவர் கதவைத் திறந்து மூடிக் காட்டுகிற அந்தக் காலத்து வித்தை. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் செல்போனில் அடிக்கிற அளவில் நிற்காது என்று எனக்கே தெரியும். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது, நேரத்துக்குப் பஞ்சமில்லை, ஆகவே இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் உத்தி எதுவும் கிடையாது. கேன் எங்கே வரும், மஸ்ட் எங்கே வரும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எழுதப்போவது நான் செய்த ஒரு திருட்டுத்தனத்தைப் பற்றி. வேலையில் இருந்தவரை இதை யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை.

கோவில்பட்டியில் என் வீடு. அங்கிருந்து எப்போதும்வென்றான் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, ஊருக்கு ரோடு பிரிகிற ஒரு விலக்கில் இறங்கி, ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் அப்போது நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம். ஊர்ப் பெயர் வேண்டாம், இப்போது அங்கே இருப்பவர்களுக்குச் சங்கடம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அது பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். பத்து முடித்த பையன்கள் பஸ் ஏறி வெளியூர்ப் பள்ளிக்குப் போவார்கள். பெண் பிள்ளைகள் போக மாட்டார்கள், விடமாட்டார்கள் என்பதுதான் சரி. சாயங்காலம் திரும்புகிற பஸ் விளக்கு வைத்த பிறகுதான் விலக்கில் வந்து நிற்கும். அங்கிருந்து ஊர்வரைக்கும் இரண்டு பக்கமும் உடைமரம். ஆனால் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலையாட்களை ஏற்றிப் போகிற வேன் காலையில் வீட்டு வாசலுக்கே வரும், சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே அதே வாசலில் இறக்கிவிட்டுப் போகும். பெண்ணைப் பெற்றவன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று உங்களுக்குத் தெரியும்.

என் பத்தாம் வகுப்பில் மாரிக்கனி என்று ஒரு பெண் இருந்தாள். அவளுடைய அக்கா செல்வக்கனியும் என்னிடம் படித்தவள்தான். பத்தாவதில் நல்ல மார்க். அந்த வருஷமே நம் பள்ளிக்குப் ப்ளஸ் ஒன் வந்துவிடும் என்று ஊரில் பேச்சு இருந்ததால், "வந்துரும் செல்வி, வீட்ல இரு, அவசரப்படாத" என்று நான்தான் அவளிடம் சொன்னேன். என் பேச்சைக் கேட்டு ஒரு வருஷம் வீட்டில் இருந்தாள். வரவில்லை. பிறகு வேனில் ஏறிவிட்டாள். காலையில் விலக்கிலிருந்து நான் நடந்து வரும்போது அந்த வேன் எதிரே வரும். உள்ளே இருந்து அவள் எனக்கு வணக்கம் வைப்பாள். அந்த வணக்கத்தை வாங்கிக்கொள்ள எனக்குக் கூசும்.

மாரிக்கனியும் அதே வழியில்தான் போகப்போகிறாள் என்பது வகுப்புக்கே தெரியும். அவள் அப்பா சண்முகையா என்னிடம் நேரடியாகவே சொன்னார்.

"இங்கனயே ப்ளஸ் ஒன் வந்தா எம் மக படிக்கட்டும் டீச்சர். வரலைன்னா அவ அக்கா கூட வேன்ல போவா. விலக்குல இருந்து இருட்டுக்குள்ள நடந்து வரச் சொல்லி நான் அனுப்ப மாட்டேன். மூத்தவள ஒரு வருசம் சும்மா வச்சிருந்தேன், நீங்க சொன்னீங்கன்னு. இவள வைக்க முடியாது."

அந்த ஐப்பசியில், ப்ளஸ் ஒன் கேட்டு நாங்கள் போட்டிருந்த மனு கடைசியாக ஓர் இடத்தில் வந்து நின்றது. கல்வி அலுவலர் நேரில் வந்து பள்ளியைப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்ப்பார், ஒரு வகுப்பில் உட்கார்ந்து கவனிப்பார். ஹெச்.எம். சார் என் வகுப்பைக் காட்டுவது என்று முடிவு செய்தார். அவர் திருநெல்வேலிக்காரர், நல்ல மனிதர், ஆனால் மேலதிகாரி என்ற வார்த்தையைக் கேட்டாலே கைக்குட்டையை எடுப்பவர்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பழைய கைடு ஒன்றிலிருந்து முப்பத்துநாலு வாக்கியங்களைப் பொறுக்கி எடுத்தேன். பெஞ்ச் வரிசைப்படி ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டேன். முதல் பெஞ்சில் முதல் ஆள், ஐ ஆம் ட்ராயிங் எ பிக்சர். அடுத்தவன், ஐ ஆம் ஃப்ளையிங் எ கைட். கேனுக்கு நாலு பேர், மஸ்ட்டுக்கு நாலு பேர். வரப்போகிற அலுவலர் மேடம் யாரைக் கேட்டாலும் அவரவர் வாக்கியத்தை எழுந்து சொல்லிவிட வேண்டும். பத்து நாள் ஒத்திகை. இதெல்லாம் அந்த நாளில் தப்பென்றே யாரும் நினைப்பதில்லை, உங்களில் எத்தனை பேர் இப்போதும் செய்கிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

மாரிக்கனிக்கு வந்தது, ஐ ஆம் ப்ளேயிங் செஸ்.

"டீச்சர், செஸ்னா என்ன?" என்று கேட்டாள்.

"அது ஒரு விளையாட்டு. நீ சும்மா சொல்லு, போதும்" என்றேன்.

இன்ஸ்பெக்‌ஷன் செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின வெள்ளி, சனி இரண்டு நாளும் நல்ல மழை. திங்கட்கிழமை வானம் வெளுத்துவிட்டது. முப்பத்துநாலு பேரும் வந்திருந்தார்கள், ஒத்திகை ஒரு பிசிறு இல்லாமல் போனது. மணி அடித்து எல்லாரும் பையை எடுக்கும்போது மாரிக்கனி என் மேஜை அருகில் வந்து நின்றாள்.

"டீச்சர், நாளைக்குப் பதம் வந்துரும்."

"என்ன பதம்? நாளைக்கு எல்லாரும் யூனிஃபார்மை இஸ்திரி போட்டு வரணும், அதைப் போய்ச் சொல்லு" என்று அனுப்பிவிட்டேன்.

நான் டவுன்காரி. மழை பெய்தால் குடை எடுப்பேன், அவ்வளவுதான் எனக்கும் மழைக்கும். கரிசலில் மழை பெய்த அன்றைக்கு யாரும் வயலில் இறங்க முடியாது, கால் புதைந்துவிடும். ஈரம் கொஞ்சம் உலர்ந்து, மண் கையில் ஒட்டாமல் உதிர்கிற ஒரு பக்குவம் மூன்றாவது நாளோ நாலாவது நாளோ வரும். அதுதான் பதம். ஓரிரண்டு நாள்தான் இருக்கும். அதற்குள் விதையைப் போட்டால் போட்டது, விட்டால் அந்த வருஷம் போயிற்று. அன்றைக்கு வீட்டில் நடக்கத் தெரிந்த எல்லாரும் வயலில் நிற்பார்கள். அங்கே எட்டு வருஷம் வேலை பார்த்தும் இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் ரெண்டு நாள் வகுப்பு காலியாகக் கிடக்கும், ரிஜிஸ்டரில் ஆப்சென்ட் போட்டுவிட்டு, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்று ஸ்டாஃப் ரூமில் பேசுவோம்.

செவ்வாய்க்கிழமை காலையில் என் வகுப்பில் இருந்தவர்கள் பதினோரு பேர்.

ஹெச்.எம். சார் வாசலில் வந்து நின்று எண்ணினார். கைக்குட்டை வெளியே வந்தது. "டீச்சர், மேடம் கிளம்பிட்டாங்களாம், முக்கால் மணி நேரத்துல வந்துருவாங்க. இந்தக் கூட்டத்தைக் காட்டி ப்ளஸ் ஒன் கேட்டா சிரிக்க மாட்டாங்களா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒன்பதாவதுல, எட்டாவதுல இருக்கிற பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்கார வைப்போம். பேரா எழுதியிருக்கு நெத்தியில?" என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வேனும், உள்ளே இருந்து வணக்கம் வைக்கிற கையும்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. இன்றைக்கு இது கெட்டால் மாரிக்கனியும் போய்விடுவாள் என்ற ஒரே நினைப்பு. சரி என்றேன். ஒன்பதாம் வகுப்பிலும் பாதிப் பேர் இல்லை. எட்டாம் வகுப்பிலிருந்து உயரமாகத் தெரிந்த பிள்ளைகளாகப் பார்த்துப் பொறுக்கினோம். காலி இடங்களில் உட்கார வைத்தோம். அவர்களுக்கு மனப்பாடம் செய்ய நேரம் கிடையாது. ஆகவே வராத இருபத்துமூன்று பேரின் வாக்கியங்களையும் துண்டுச் சீட்டுகளில் எழுதி ஆளுக்கொன்று கொடுத்தேன், டெஸ்க்குக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஹெச்.எம். சார் மேல் பழி போட மாட்டேன். சீட்டுகளை எழுதியது என் கை.

மேடம் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒல்லியான உடம்பு, காட்டன் சேலை. அதிகம் பேசவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு பாடத்தை நடத்தச் சொன்னார். நடத்தினேன். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, நன்றாகத்தான் போனது. வாட் ஆர் யூ டூயிங் என்று கேட்கக் கேட்க ஒவ்வொருவராக எழுந்து பட்டம் விட்டார்கள், படம் வரைந்தார்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஹெச்.எம். சாருக்கு முகம் தெளிந்துவிட்டது.

அப்போது மேடம் தன் பக்கத்தில் இருந்த, வயது குறைவாகத் தெரிந்த ஒரு பையனைப் பார்த்து, தமிழில், மெதுவாகக் கேட்டார். "நீ எந்த கிளாஸ்ப்பா?"

அவன் எட்டாவது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். நான் சொன்னால் சொல்லத் தயாராக இருந்தான், எதைச் சொல்ல வேண்டும் என்று என் முகத்தில் தேடினான். இருபத்தேழு வருஷம் சாக்பீஸ் பிடித்ததில் எத்தனையோ பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள், விடை சரியா என்று கேட்டு. பொய் சொல்லட்டுமா என்று கேட்டு ஒரு பிள்ளை பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு உடம்பு எல்லாம் கூசிப்போயிற்று.

"மேடம், அவன் எட்டாம் வகுப்பு" என்றேன். "இதுல பாதிக்கு மேல என் பிள்ளைங்க இல்லை. சீட்டு எழுதிக் கொடுத்து உட்கார வச்சேன்."

ஹெச்.எம். சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்க பிள்ளைங்க எங்க?"

"விதைப்புக்குப் போயிருக்காங்க மேடம். பதம் வந்திருக்கு."

அவர் எழுந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "எங்கன விதைக்காவ?" என்றார். அந்தக் கேள்வியில்தான் அவர் நம் பக்கத்து ஆள் என்று தெரிந்தது. கயத்தாறு பக்கம் ஒரு சிற்றூர், அவர் அப்பாவுக்கும் கரிசல்தான் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது.

பள்ளிக்குப் பின்பக்கம் இறங்கினால் காடுதான், வயலை அங்கே காடு என்றுதான் சொல்வார்கள். வரப்பில் ஏறும் முன்பே மேடம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நான் கழற்றவில்லை. வரப்போரத்தில் ஈரம் இன்னும் உலரவில்லை, பத்தடி போவதற்குள் என் செருப்பு ஒவ்வொன்றிலும் ரெண்டு கிலோ மண் ஏறிவிட்டது. ஹெச்.எம். சார் பூட்ஸோடு பின்னால் தடுமாறிக்கொண்டு வந்தார்.

சண்முகையா காட்டில் டிராக்டர் உழுதுகொண்டே போக, அது விட்டுப்போன உழவுச் சாலில் ஏழெட்டுப் பேர் வரிசையாக மக்காச்சோளம் போட்டுக்கொண்டு வந்தார்கள். அதில் நாலு பேர் என் வகுப்பு. மாரிக்கனி இடுப்பில் விதைப்பையைக் கட்டியிருந்தாள். ஒரு சாணுக்கு ஒரு விதை, குனிந்த தலை நிமிராமல், அப்படி ஒரு வேகம். எங்களைப் பார்த்ததும் நால்வரும் நின்றுவிட்டார்கள். சண்முகையா டிராக்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடி வந்தார்.

மேடம் அவளிடம் கேட்டார், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. "வாட் ஆர் யூ டூயிங்?"

மாரிக்கனி நிமிர்ந்தாள். கையைப் பாவாடையில் துடைத்தாள். வகுப்பில் நிற்பது போலவே கையைக் கட்டிக்கொண்டு, உரத்த குரலில் சொன்னாள்.

"ஐ ஆம் ப்ளேயிங் செஸ், மேடம்."

பக்கத்தில் நின்றவன் தன் முறை வந்துவிட்டது என்று நினைத்து, "ஐ ஆம் ஃப்ளையிங் எ கைட், மேடம்" என்றான். அவன் கையிலும் விதை இருந்தது.

சண்முகையாவுக்கு முகம் எல்லாம் பூரிப்பு. மகள் ஓர் அதிகாரிக்கு முன்னால் இங்கிலீஷ் பேசுகிறாள், அதுவும் தன் காட்டில் நின்று. என்னிடம் திரும்பினார். "எம் மக என்ன சொல்லுதா டீச்சர்?"

சொல்லாமல் தப்பிக்க முடியவில்லை. "சதுரங்கம் விளையாடிக்கிட்டிருக்கேன்னு சொல்லுதா" என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார், விதைப்பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கேலி எதுவும் இல்லை அவரிடம், உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "விதைக்கதுக்கு இங்கிலீசுல வார்த்தை இல்லையா டீச்சர்?"

வெட்கத்தில் செத்துவிட்டேன் என்று எழுதினால் மிகையாகத் தெரியும். ஆனால் அப்படித்தான் இருந்தது. சீட்டு எழுதியதைக்கூட ஒப்புக்கொண்டு வெளியே வந்துவிட்டேன், இந்தக் கேள்விக்கு முன்னால் நிற்க முடியவில்லை. பத்து நாளாக அந்தப் பிள்ளைக்கு நான் கற்றுக்கொடுத்தது தன் கையில் இருப்பதைப் பார்க்காமல் பேச. மாரிக்கனிக்கும் புரிந்துவிட்டது. அவள் அப்பா முகத்தையும் என் முகத்தையும் பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டாள்.

திரும்பி வரும் வழியில் மேடம் வரப்பிலேயே நின்று பேசினார். "இன்னிக்குப் பார்த்ததை நான் எழுதினா உங்க ஸ்கூலுக்கு இந்த ஜென்மத்துல ப்ளஸ் ஒன் வராது. நீங்களா ஒப்புக்கிட்டீங்க, அதனால எழுதல. விதைப்பு முடிஞ்சு வாரேன். என்னிக்குன்னு சொல்ல மாட்டேன். உங்க பிள்ளைங்க பேசுறதை அப்படியே எழுதுவேன், நல்லா இருந்தாலும் இல்லாட்டியும். இன்னொரு தடவை சீட்டைப் பார்த்தேன்னா உங்க பேர்ல மெமோ."

வியாழக்கிழமை முப்பத்துநாலு பேரும் வந்தார்கள், நகத்திடுக்கில் மண்ணோடு. வாக்கியங்கள் எழுதிய தாளை அவர்கள் முன்னால் கிழித்தேன். இனிமேல் யாருக்கும் பங்கு கிடையாது, அவரவர் செய்வதை அவரவர் சொல்ல வேண்டும், வார்த்தை தெரியாவிட்டால் என்னைக் கேளுங்கள் என்றேன். சந்தோஷப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். எல்லாரும் டெஸ்க்கைப் பார்த்தார்கள்.

கடைசியில் ஒரு பையன் எழுந்தான். "ஆடு மேய்க்கதை எல்லாம் இங்கிலீஷ்ல சொன்னா கேவலமா இருக்காதா டீச்சர்?"

கோபம் வந்தது, அவன் மேல் அல்ல. அவன் தலைக்குள் அதைப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. "ஆடு மேய்க்கதுல கேவலம் இல்லைன்னா சொல்லுறதுலயும் இல்லை. சொல்லு" என்றேன். சொன்னான். தப்புத் தப்பாகத்தான் சொன்னான். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அண்ணன் லாரி ஓட்டுகிறான், அம்மா தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறாள், தம்பி அழுகிறான். என்னால் என்ன முடியும், நான் என்ன செய்தாக வேண்டும், வீட்டில் எதற்கு அனுமதி இல்லை. கேனும் மஸ்ட்டும் மேவும் தானாக வந்து உட்கார்ந்தன. களையெடுப்பதற்கும் கதிர் அறுப்பதற்கும் சொல் தேடி நானே அகராதியைப் புரட்டினேன். பாதி அவர்களிடமிருந்து நான் கற்றது.

மாரிக்கனி மட்டும் பேசவில்லை. வகுப்பில் அவளுக்குச் செஸ் என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். "ஏட்டி செஸ்" என்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். நான் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், அவ்வளவுதான். தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன்.

"எங்க அப்பா வீட்ல எல்லார்ட்டயும் சொல்லிச் சிரிக்காவ டீச்சர். எனக்கு இங்கிலீஷே வேண்டாம்" என்றாள்.

"தப்பு என்னுது, உன்னுது இல்ல" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

ஹெச்.எம். சார் இதைக் கவனித்திருந்தார். ஒருநாள் மதியம் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணை மேடத்துக்கு ஞாபகம் இருக்கும் டீச்சர். வந்ததும் அவளைத்தான் கேப்பாங்க. கொஞ்ச நாளைக்குக் கடைசி பெஞ்ச்சுல வைங்க. இல்லாட்டி வண்டி வந்ததும் லைப்ரரிக்கு அனுப்பிருங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் வாயைத் திறக்காவிட்டால் போவது அவள் படிப்பு மட்டும் அல்ல, ஊரில் அவளுக்குப் பின்னால் வருகிற எல்லாப் பெண்களின் படிப்பும்தான்.

"மாட்டேன் சார்" என்றேன். "ப்ளஸ் ஒன் யாருக்காகக் கேக்கோமோ அவளையே ஒளிச்சு வச்சுட்டுக் கேக்க முடியாது."

மறுநாளிலிருந்து அவளை முதல் பெஞ்சில் உட்கார வைத்தேன். தைரியத்தால் செய்தேன் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் சாக்பீஸை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பேன்.

பன்னிரண்டாவது நாள் மேடம் வந்தார், முன்னறிவிப்பு இல்லாமல், மூன்றாவது பீரியடில். நேராக உள்ளே வந்து, என்னை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு அவரே கேட்க ஆரம்பித்தார். ஆறேழு பேர் சொன்னார்கள். பிழை இல்லாத வாக்கியம் ரெண்டோ மூன்றோதான் இருந்திருக்கும். ஆனால் ஒருவரும் பட்டம் விடவில்லை. மேடம் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை, எழுதிக்கொண்டே போனார். பிறகு முதல் பெஞ்சுக்கு வந்தார்.

"நீ தானே அன்னிக்கு செஸ்?"

வகுப்பு லேசாகச் சிரித்தது. மாரிக்கனி எழுந்தாள்.

"வாட் ஆர் யூ டூயிங் நவ்?"

அவள் மேடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். வாசலில் நின்ற ஹெச்.எம். சார் எனக்குக் கண்ணால் என்னவோ ஜாடை காட்டினார். ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்திருக்கலாம், உதட்டை அசைத்தால் போதும், அவளுக்கு என் உதடு தெரியும் தூரம்தான். இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். அவளாகச் சொல்லட்டும், சொல்லாவிட்டால் அதையும் நான் தாங்கித்தான் ஆக வேண்டும்.

"ஐ ஆம் வெயிட்டிங், மேடம்" என்றாள்.

"ஃபார் வாட்?"

"ப்ளஸ் ஒன்."

மேடம் எழுதுவதை நிறுத்தினார். மாரிக்கனி உட்காரவில்லை. வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்து, மேடத்தின் முகத்தைப் பார்த்தே மேலும் சொன்னாள். "மை சிஸ்டர் ஆல்சோ வெயிட்டிங். ஒன் இயர். ப்ளஸ் ஒன் நாட் கம். வேன் கம். ஷி கோ."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்லிக்கொடுத்ததா என்று கேட்கிற பார்வை. இல்லை என்று தலையசைத்தேன். என் கண்ணைத் துடைக்கவேண்டி இருந்தது, துடைத்துக்கொண்டேன், அதற்கெல்லாம் அன்றைக்கு வெட்கப்படவில்லை. மேடம் ஃபைலை மூடிக்கொண்டு, "சிட் டவுன், மாரிக்கனி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் என்ன எழுதினார் என்று எங்களிடம் சொல்லவில்லை.

ஆர்டர் வந்தது மறுவருஷம் ஜூலை மாதம். பள்ளி திறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அந்த ஐந்து வாரமும் சண்முகையா வீட்டுக்கு நான் எத்தனை தடவை நடந்தேன் என்பதைத் தனியாக எழுதலாம். மாரிக்கனி பத்தாவது பாஸ் செய்தவள், எந்த ரிஜிஸ்டரிலும் பெயர் இல்லாதவள், என் பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் தினமும் வந்து உட்கார்ந்திருந்தாள். விதி தெரிந்தவர்கள் இதற்கும் எனக்கு மெமோ கொடுக்கலாம். ஹெச்.எம். சாருக்கு எல்லாம் தெரியும். அந்த ஐந்து வாரம் அவர் என் வகுப்புப் பக்கம் வராமல் வேறு வழியாகச் சுற்றிப் போனார். அந்த மனிதரை நான் மறக்க மாட்டேன்.

அட்மிஷன் அன்று காலையில் புது ரிஜிஸ்டரை என் முன்னால் வைத்து, "நீங்களே எழுதுங்க டீச்சர்" என்றார். சண்முகையா மகளை அழைத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றார். பேனாவைத் திறந்துவிட்டேன். அப்போது அவருக்குப் பின்னாலிருந்து இன்னொருத்தி முன்னால் வந்தாள். செல்வக்கனி. வேலைக்குப் போகிற சேலையில்தான் இருந்தாள். பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்த பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"எனக்கும் இடம் இருக்கா டீச்சர்?" என்று கேட்டாள்.

சண்முகையாவைப் பார்த்தேன். "ரெண்டு பேரும் சேந்தே வருவாவ டீச்சர்" என்றார்.

மாரிக்கனி ஒரு எட்டு பின்னால் நகர்ந்து அக்காவுக்கு இடம் விட்டாள். வரிசை எண் ஒன்றில் செல்வக்கனி என்று எழுதினேன்.